நடுராத்திரியில் அலறும் மூன்றரை வயதுப் பையன்: பயமா, வலிப்பா, வேறு ஏதாவதா?

நொய்யல்கரை (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு மூன்றரை வயது. ஜூனில் ப்ரீகேஜி சேர்த்தோம். சேர்த்த கொஞ்ச நாளிலேயே ராத்திரியில் இந்தக் கூத்து ஆரம்பித்துவிட்டது.

பத்தே முக்கால் வாக்கில் தூங்குவான். பன்னிரண்டு மணி சுமாருக்குத் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீல் என்று கத்துவான். கண் திறந்துதான் இருக்கும், ஆனால் பார்வை என் மேல் இருக்காது. என்னைத் தாண்டிச் சுவரைப் பார்ப்பான். தூக்கப் போனால் இரண்டு கையாலும் நெட்டித் தள்ளுகிறான். "போ, போ, எடு" என்று உளறல். பனியன் தொப்பலாக நனைந்துவிடும். நெஞ்சில் கை வைத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் போல இப்படி. அப்புறம் சாய்ந்தான் என்றால் விடியும்வரை அசைவில்லை. காலையில் கேட்டால் ஒன்றுமே தெரியாது, "இன்னிக்கு தோசையா?" என்கிறான்.

தெருவில் சாவு ஊர்வலம் போனபோது வேட்டுச் சத்தத்தில் பயந்துவிட்டான் என்று மாமியார் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். கணவர் யூடியூப் பார்த்துவிட்டு வலிப்பு நோய் என்று சொல்லி என் தூக்கத்தையும் கெடுக்கிறார். கீழ் வீட்டுக்காரர் "குழந்தையை ராத்திரியில் அடிக்காதீங்க" என்று ஜாடையாகப் பேசுகிறார். யாருக்காவது இப்படி இருந்ததா?

பொன்னி_64 (கும்பகோணம்)

கண்ணு, முதலில் கீழ் வீட்டுக்காரர் பேச்சைக் காதில் வாங்காதே. என் மூத்தவனும் இப்படித்தான் அலறுவான். விபூதி பூசி முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். பள்ளிக்கூடம் போய் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக நின்றுவிட்டது. இப்போது அவனுக்கே பேரன் எடுக்கும் வயசாகப் போகிறது.

சேலத்துஅப்பா

சகோதரி, ஒரு கேள்வி. குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், டூட்டிக்குக் கிளம்ப வேண்டும்.

ரயில்வே காலனி

தோழி, இதுக்கெல்லாம் ஏன் கவலை. படுக்கும் முன் சளி சிரப் அரை மூடி கொடுங்கள், பிள்ளை காலைவரை அசையாது. ரயில் பயணத்தில் நாங்கள் எப்போதும் அதுதான் செய்வோம்.

வைகைமருத்துவர் (மதுரை)

நான் குழந்தை நல மருத்துவர். பிள்ளையைப் பார்க்காமல் இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். இது பொதுவான விளக்கம்.

முதலில் ரயில்வே காலனிக்கு. அந்த யோசனையைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி சிரப்புகள் குழந்தைக்குத் தூக்க மருந்து அல்ல. சில குழந்தைகளுக்கு அவை நேர்மாறாக வேலை செய்து ராத்திரி முழுக்க ஆட்டம் போட வைக்கும். சின்னக் குழந்தைகளுக்கு மூச்சே மந்தமாகலாம். இந்த வகையைச் சேர்ந்த புரோமெத்தசின் மருந்தை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2004லேயே எச்சரித்தது. சாதாரணமாகக் கிடைக்கும் குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைப் பலிகொண்ட சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் விஷம் கலந்திருந்தது வேறு விஷயம். ஆனால் தேவையில்லாத சிரப்பை வீட்டில் வைத்துப் பழகினால் ஒருநாள் இல்லை ஒருநாள் அப்படி ஒன்றும் உள்ளே வரும்.

இனி நொய்யல்கரைக்கு. நீங்கள் எழுதியிருப்பது நைட் டெரர் என்பதன் வர்ணனை போலவே இருக்கிறது. இது கெட்ட கனவு அல்ல. கனவு பெரும்பாலும் விடியற்காலைப் பக்கம் வரும். குழந்தை முழுதாக விழித்து அழும், அம்மாவைக் கட்டிக்கொள்ளும், "பூச்சாண்டி வந்தது" என்று கதை சொல்லும், மறுபடி தூங்கப் பயப்படும். நைட் டெரர் தூங்கி ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வரும். ஆழ்ந்த தூக்கத்தை விட்டு மேலே வரும்போது கதவு பாதியில் சிக்கிக்கொண்ட மாதிரி, உடம்பு எழுந்துவிடும், மனசு எழாது. அதனால்தான் கண் திறந்தும் உங்களைத் தெரியவில்லை. காலையில் நினைவும் இல்லை. பார்ப்பவர்களுக்குத்தான் ஈரக்குலை நடுங்கும், அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த நேரத்தில் எழுப்ப வேண்டாம், உலுக்க வேண்டாம், முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். கட்டிலில் இருந்து விழாமல், சுவரில் மோதாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், போதும். எழுப்பப் போனால் இன்னும் நீளும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள்? மத்தியானம் தூங்குகிறானா? உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் யாருக்காவது தூக்கத்தில் நடக்கும் பழக்கம் இருந்ததா?

நொய்யல்கரை

நன்றி டாக்டர். வேன் ஏழரைக்கு, ஆறரைக்கு எழுப்பிவிடுவேன். பள்ளி சேர்க்கும்வரை மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினான். இப்போது பன்னிரண்டரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, டிவி. தூங்கவைத்தால் ராத்திரி பதினொன்றரை ஆகும் என்று நான்தான் விடுவதில்லை. குறட்டை இல்லை, சளி பிடித்தால் மட்டும் கொஞ்சம் கர்கர்.

மூன்றாவது கேள்விக்குத்தான் சுவாரசியமான பதில். மாமியாரிடம் கேட்டேன். யூடியூப் பார்த்து வலிப்பு என்று சொன்ன மகாராஜா, சின்ன வயதில் தூக்கத்தில் எழுந்து திண்ணையைத் தாண்டி மாட்டுக் கொட்டகை வரை நடந்து போவாராம். எட்டு, ஒன்பது வயது வரை தாத்தா வாசல் கதவுக்குக் குறுக்கே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். இதை இத்தனை நாள் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை!

பொன்னி_64

இதையெல்லாம் பெண் பார்க்க வரும்போதே சொல்வார்களா கண்ணு 😄

வைகைமருத்துவர்

அந்த மாட்டுக் கொட்டகைதான் பாதி விடை. தூக்கத்தில் நடப்பதும் நைட் டெரரும் ஒரே வேரில் வருபவை. கனடாவில் கியூபெக் மாகாணத்துக் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பெற்றோர் இருவருக்குமே அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் 22.5 சதவீதக் குழந்தைகள் தூக்கத்தில் நடந்தார்கள். ஒருவருக்கு இருந்தால் 47.4, இருவருக்கும் இருந்தால் 61.5. அதே ஆய்வில், ஒன்றரை வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடையில் ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி அலறிய குழந்தைகள் பாதிக்கு மேல். ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற அதிசயம் இல்லை.

மீதிப் பாதி கணக்கு. பத்தே முக்காலுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஏழே முக்கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டலில் 3, 4 வயதுக்குச் சொல்லியிருப்பது, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரம். குறைந்தபட்சக் கணக்கிலேயே தினமும் இரண்டே கால் மணி நேரம் கடன். கடன் ஏறினால் உடம்பு ஆழ்ந்த தூக்கத்துக்குள் அதிகமாகவும் வேகமாகவும் விழும். அலறலும் அங்கிருந்துதான் வருகிறது. வேட்டுச் சத்தம் அவனைப் பயமுறுத்தியிருக்கலாம், ஆனால் என் சந்தேகம் எல்லாம் ஏழரை மணி வேன் மேல்தான்.

சேலத்துஅப்பா

இப்போதுதான் வந்தேன். நான் ஏன் குறட்டையைக் கேட்டேன் என்றால், என் பெண்ணுக்கு நான்கு வயதில் ஏறக்குறைய இதே கதை. ஆனால் அவள் தலையைப் பின்னால் தள்ளி, கழுத்தை வில்லாக வளைத்துத் தூங்குவாள். வாய் எப்போதும் திறந்திருக்கும், தலையணை நனைந்திருக்கும். குறட்டை நடுவே சட்டென்று நின்று, சில நொடி கழித்து 'ஹக்' என்று மூச்சை இழுப்பாள். படுக்கையில் உச்சா போவது நின்று ஒரு வருடமான பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். முதலில் காட்டிய டாக்டர் வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். ஸ்கூலில் டீச்சர்தான் "பாப்பா எப்பவும் எரிச்சலா இருக்கா, ஒரு இடத்தில் உட்கார மாட்டேங்கறா" என்றார். ஈ.என்.டி. பார்த்து, கழுத்துப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்ததும் தெரிந்தது, அடினாய்டு என்கிற சதை வளர்ந்து மூக்கின் பின்பக்கத்தையே அடைத்திருந்தது. டான்சிலும் பெரிது. எடுத்த பிறகு அலறலும் போனது, குறட்டையும் போனது.

எல்லாப் பிள்ளைக்கும் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. சளி இல்லாத நாளில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள்.

வைகைமருத்துவர்

சேலத்துஅப்பா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். மூச்சு அடைபடும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழிக்கும், நைட் டெரர் வரும் வாகுள்ள குழந்தைக்கு அது போதும். காய்ச்சல், முட்டிய மூத்திரம், பக்கத்தில் திடீர்ச் சத்தம் எல்லாமே அப்படித்தான் கிளப்பிவிடும்.

வலிப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், கணவரை முழுக்கத் தட்டிக்கழிக்க வேண்டாம். தூக்கத்தில் வரும் சில வகை வலிப்பு இதுபோலத் தோற்றம் காட்டும். வித்தியாசம் இதுதான்: அது குறுகியது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். ஒரே ராத்திரியில் பலமுறை வரும், எந்த நேரத்திலும் வரும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே அசைவு: ஒரே கை விறைக்கும், வாய் ஒரே பக்கம் இழுக்கும். பகலிலும் ஏதாவது நடந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உங்கள் கணவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: அடுத்த முறை போனில் வீடியோ எடுக்கட்டும், ஆரம்பத்திலிருந்து, முகமும் கைகால்களும் தெரியும்படி. அந்த இரண்டு நிமிட வீடியோ, நீங்கள் என் எதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் விவரிப்பதைவிட எனக்கு உதவும்.

டொராண்டோ_ஜீவா

இந்த இழையை வாசித்துக்கொண்டு வருகிறேன். இங்கே எங்கட பிள்ளைகள் ஏழரைக்கே படுக்கைக்குப் போவினம். பத்தே முக்கால் என்று வாசிக்கவே பாவமாக இருக்கிறது. டிவியை எட்டுக்கு நிறுத்தி, தனி அறையில் விளக்கணைத்து விட்டால் ஒரு கிழமையில் பழகிவிடும். ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?

நொய்யல்கரை

ஜீவா அண்ணா, எங்கள் வீடு ஒரு படுக்கை அறை, ஒரு ஹால். ஹாலில் மாமனார் மாமியார். கணவர் மில்லில் இருந்து வர ஒன்பதரை ஆகும். அவர் வரும் சத்தம் கேட்டால் பையன் வாசலுக்கு ஓடுவான், அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேருக்கும். ஏழரைக்குப் படுக்கவைத்தால் அப்பா முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பொன்னி_64

சரியாகக் கேட்டாய்.

மலர்க்காடு (திண்டுக்கல்)

ஆமாம், தனி அறை எல்லாம் நமக்கு நடக்கிற காரியமா. பிள்ளை அம்மா பக்கத்தில் படுத்தால் கெட்டுப்போகும் என்று எங்கே எழுதியிருக்கிறது? இரவு நேரத்தில் குழந்தை எப்போது படுக்கிறது என்பதே ஊருக்கு ஊர் வேறு. 17 நாடு, பிரதேசங்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வில், நியூசிலாந்துக் குழந்தைகள் ஏழரை வாக்கில் படுக்கிறார்கள், ஹாங்காங் குழந்தைகள் பத்து மணிக்கு மேல். ஆனால் ஜீவா சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. அதே ஆய்வில் ஆசியக் குழந்தைகள் மொத்தமாகவே குறைவாகத் தூங்குகிறார்கள்.

டொராண்டோ_ஜீவா

சரி, அப்பா வரும் நேரத்தை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் பகல் தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர ஏலாதா? அவனுக்கு அதுதான் போய்விட்டது.

வைகைமருத்துவர்

ஜீவா சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். ராத்திரியில் பிடிக்க முடியாததைப் பகலில் பிடியுங்கள். சாப்பிட்டதும் ஒன்றேகால் மணிக்குப் படுக்கை, மூன்று மணிக்குள் எழுப்பிவிடுங்கள். நாலு மணிக்கு மேல் தூங்கவிட்டால்தான் ராத்திரித் தூக்கம் கெடும். ராத்திரி நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னால் நகர்த்துங்கள். பத்து மணி வந்தாலே பெரிய வெற்றி. அப்பா வந்ததும் குதிரை ஏறி விளையாடுவதைக் குளிக்கவைப்பது, கதை சொல்வது என்று மாற்றினால் அந்த நேரமும் போகாது. வேன் விஷயத்தில் அப்பா தன் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் கொண்டுபோய் விட முடியுமா என்று பாருங்கள், காலையில் அரை மணி மிஞ்சினாலும் லாபம்.

அலறல் தினமும் ஒரே நேரத்தில் வருகிறது என்பதால் இன்னொரு வழியும் உண்டு. வழக்கமான நேரத்துக்கு கால் மணி அல்லது அரை மணி முன்னால், லேசாகத் தட்டி, புரண்டு படுத்து "ம்ம்" என்று முனகும் அளவுக்கு மட்டும் எழுப்பி, திரும்பத் தூங்கவிடுங்கள். இரண்டிலிருந்து நாலு வாரம். இது பலருக்கு வேலை செய்கிறது, ஆனால் தூக்கக் கடனைத் தீர்க்காமல் இதை மட்டும் செய்வதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

மலர்க்காடு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் டாக்டர். என் பாப்பாவுக்கு ஐந்து மாதம். தூளியில் போட்டால்தான் தூங்குகிறாள். ஆட்டம் நின்றதும் முக்கால் மணி, ஒரு மணிக்கு ஒருதரம் எழுந்துவிடுகிறாள். இதுவும் நைட் டெரரா?

வைகைமருத்துவர்

இல்லை. இந்த வயதில் ஒரு தூக்கச் சுற்றே ஐம்பது, அறுபது நிமிடம்தான்; பெரியவர்களுக்குத் தொண்ணூறு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் குழந்தை லேசாக விழிக்கும். ஆடிக்கொண்டே தூங்கிய குழந்தை ஆட்டம் இல்லாததைக் கண்டு அழும். பாதி தூக்கத்தில் இருக்கும்போதே தரையில் விரித்த மெத்தைக்கு மாற்றிப் பழக்குங்கள், முதலில் பகலில்.

தூளியை நான் திட்டப் போவதில்லை, நானும் தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் ராத்திரி முழுவதும் அதில் விட வேண்டாம். சேலை கீழே தொய்ந்து குழந்தை வளைந்து கிடக்கும்போது முகவாய் நெஞ்சில் ஒட்டும், சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் அதிலேயே அடைபடலாம். தூக்கத்துக்குச் சமதளம், மல்லாந்த நிலை, முகத்தருகே தலையணையோ பொம்மையோ இல்லாமல். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் அறிவித்த பிறகு அங்கே தொட்டில் மரணங்கள், அதாவது காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது, பாதிக்கும் கீழே இறங்கின. வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால், ஆள் இல்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்து மேலே போட்டுவிடுங்கள். கழுத்தில் சுற்றிக்கொண்ட செய்திகள் வருடா வருடம் வருகின்றன.

பொன்னி_64

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் நன்றாகத் தூங்கும் என்பார்களே டாக்டர்?

வைகைமருத்துவர்

கையில் வளையலாகப் போடுங்கள் அம்மா, நாக்கில் வேண்டாம். அதில் உள்ள பீட்டா அசரோன் பாதுகாப்பான பொருள் அல்ல. வசம்பு தின்று வாந்தியும் மயக்கமுமாகக் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். வளையலைக் கூட வாயில் வைக்கும் வயதில் கழற்றிவிடுங்கள்.

நொய்யல்கரை

தகவல் சொல்ல வந்தேன். வீடியோவோடு இங்கே ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். பார்த்தவுடன் சிரித்தார், வலிப்பு மாதிரி இல்லை என்றார், மூளை அலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை இப்போதைக்குத் தேவையில்லையாம். டான்சிலும் பார்த்தார், பெரிதாக இல்லை. ஆனால் தூக்கத்தில் காலை உதைத்துக்கொண்டே இருப்பதை வீடியோவில் கவனித்து ரத்தப் பரிசோதனை எழுதினார். உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் 14தான், அது குறைந்தாலும் தூக்கத்தில் கால் உதைக்குமாம். எவ்வளவு பால் குடிக்கிறான் என்று கேட்டார். காலையில் ஒரு பாட்டில், மத்தியானம் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார், பால் அதிகமானால் இரும்புச் சத்து குறையுமாம். இரும்புச் சத்து மருந்து மூன்று மாதம், பாலை இரண்டு தம்ளரோடு நிறுத்தச் சொன்னார்.

மத்தியானத் தூக்கம் திரும்பி வந்துவிட்டது. அதற்காக ஒன்றரை மணி சீரியலின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு வீட்டில் ஒரு சின்னப் போர். மாமனார் காதில் மாட்டும் ஹெட்செட் வாங்கி வந்து சமாதானம் செய்துவைத்தார். ராத்திரி பத்துக்குத் தூங்குகிறான். அலறல் வாரத்தில் எப்போதாவது ஒருநாள், அதுவும் இரண்டு மூன்று நிமிடம். கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அதனால்தான் சரியானது என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மறுக்கவில்லை.

வைகைமருத்துவர்

கயிறு இருக்கட்டும், இரும்பு மருந்தைப் பாதியில் நிறுத்தாமல் இருந்தால் சரி. கால் உதைப்புள்ள குழந்தைகளுக்கு ஃபெரிட்டின் 50க்குக் கீழ் இருந்தாலே இரும்பு மருந்து கொடுக்கலாமா என்று நாங்கள் யோசிப்போம், லேப் ரிப்போர்ட் நார்மல் என்று காட்டினாலும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தூக்கம் கெடும் பிள்ளைக்கு இதைப் பார்க்காமல் விடுவது எனக்குப் புரியாத விஷயம். மருந்தைப் பாலோடு கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சோ பக்கத்தில் இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

நொய்யல்கரை

சரி டாக்டர். கடைசியாக ஒன்று. தை மாதம் குலதெய்வம் கோயிலுக்கு ராத்திரி பஸ்ஸில் போகிறோம். பஸ்ஸில் எழுந்து அலறினால் என்ன செய்வது?

சேலத்துஅப்பா

நாங்கள் பட்ட அனுபவம்: ஜன்னல் பக்கம் வேண்டாம், நடுவில் ஸ்லீப்பர் கீழ் பெர்த் எடுங்கள். அன்று மத்தியானம் கட்டாயம் தூங்க வையுங்கள். பஸ் ஏறும் முன் உச்சா போகவையுங்கள். பக்கத்து சீட்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்டக்டர் லைட்டைப் போட்டு, நாலு பேர் கூடி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டுவார்கள்.

பொன்னி_64

பகல் ரயிலில் போயேன் கண்ணு. பிள்ளையும் வேடிக்கை பார்க்கும்.

நொய்யல்கரை

இவருக்கு லீவு கிடைத்தால் பகல் ரயில்தான் பாட்டி. இன்று ராத்திரி கேட்டுவிடுகிறேன்.